கன்றுக்குச் சிவப்புச் சிறுநீர், கத்தரிக்கு வாடல்... கிணற்றில் விஷமா?

கேள்வி: 'ஒரு மாதக் கத்தரிக்கு யூரியாவும் பொட்டாஷும் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். மறுநாளே செடிகள் வாடி, இலை ஓரம் கருகிவிட்டது. தண்ணீர் பாய்ச்சிய அன்று அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த நான்கு மாதக் கிடேரிக் கன்று, கடுங்காபி நிறத்தில் சிறுநீர் கழித்துச் சுருண்டு படுத்துவிட்டது. கிணற்றில் யாராவது விஷம் கலந்திருப்பார்களா? தண்ணீரை எங்கே பரிசோதிப்பது?'

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

மேலே இருப்பது சுருக்கம்தான். வந்த கடிதம் மூன்று பக்கம். அதில் கன்றைவிட, கத்தரியைவிடப் பங்காளிச் சண்டைதான் அதிகம். கிணறு அண்ணன், தம்பி இருவருக்கும் பொது. நாள் முறை வைத்து மோட்டார் போடுகிறார்கள். வரப்பு விஷயத்தில் போன வருடமே பேச்சு நின்றுவிட்டது. கன்றும் பயிரும் அடுத்தடுத்து விழுந்ததும், 'ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடலாம்' என்று வீட்டுப் பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். 'அது அப்புறம் பாத்துக்கலாம் மாமா. மொதல்ல மாட்டு டாக்டரக் கூப்புடுங்க' என்று தடுத்தவர் வாசகரின் மனைவி. மருத்துவர் வந்து ஊசி போட்டு, இரண்டு நாளில் கன்று எழுந்துவிட்டது. அந்த அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

புகாரும் வேண்டாம், கிணற்றை இறைத்துக் காயவைக்கவும் வேண்டாம். பதில் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. குடும்பம் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போயிருக்கிறது. கட்டுத்தறியில் வைக்கோல் போடச் சொல்லிவிட்டுப் போன பையன் வைக்கோலைப் போட்டிருக்கிறான். தொட்டியில் தண்ணீர் தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. தாய்ப்பசுவும் ஆடுகளும் அவிழ்த்துக்கொண்டு ஓடையில் குடித்துவிட்டன. கட்டிக்கிடந்த கன்றுக்கு மட்டும் வழியில்லை. மூன்றாம் நாள் காலை வந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். கன்று தலையை எடுக்காமல் வயிறு உப்பும்வரை குடித்திருக்கிறது. பசுவும் ஆடுகளும் அதே தொட்டியில்தான் குடித்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கிணற்றுத் தண்ணீரை மறுநாள் பாய்ச்சிய அண்ணனின் மிளகாய்த் தோட்டமும் நன்றாகவே இருக்கிறது. விஷம் ஆள் பார்த்து, செடி பார்த்து வேலை செய்யாது.

அப்படியானால் கன்றுக்கும் கத்தரிக்கும் நடந்தது என்ன? ஒன்றுக்கு உள்ளே தண்ணீர் அளவுக்கு மீறிப் புகுந்தது. இன்னொன்றிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டது. இரண்டுக்கும் வாசல் ஒன்றே. அதன் பெயர் செல் சவ்வு.

எட்டாம் வகுப்புப் பாடம் போலத் தோன்றும். ஆனால் உரம் வைப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, சினை ஊசி போடுவது எல்லாமே கடைசியில் இந்தச் சவ்வில்தான் வந்து முடிகின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

செடியானாலும் மாடானாலும் உடம்பு செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. தடிமன் சுமார் 7 நானோமீட்டர். இந்த இதழின் ஒரு தாள் தடிமனுக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கிவிடலாம். அந்தப் படலம் ஒற்றை அடுக்கு அல்ல, இரட்டை அடுக்கு. 1925-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரென்டல் என்ற இருவர் ஆடு, நாய், முயல், மனிதர் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, தண்ணீரின் மேல் பரப்பி அளந்தார்கள். செல்களின் மொத்தப் பரப்பைவிட அது இரண்டு மடங்கு வந்தது. அப்படியென்றால் இரண்டு அடுக்கு என்று சொன்னார்கள். அவர்கள் கணக்கில் இரண்டு தவறுகள் இருந்தன; கொழுப்பையும் குறைவாக எடுத்தார்கள், பரப்பையும் குறைவாக அளந்தார்கள். ஒன்றை ஒன்று சரிக்கட்டி, விடை மட்டும் சரியாக வந்துவிட்டது!

இந்தப் படலத்தில் ஆங்காங்கே புரதங்கள் வாசல்கள்போலப் பதிந்திருக்கின்றன. உப்பு, சர்க்கரை, சத்துகள் இஷ்டத்துக்கு உள்ளே வெளியே போக முடியாது. அந்தந்த வாசல் திறந்தால்தான் உண்டு. தண்ணீர் மட்டும் ஏறக்குறைய தடையில்லாமல் போய்வரும். அதற்கென்றே தனி வாசல் இருப்பதை 1992-ல் அமெரிக்காவின் பீட்டர் ஆக்ரி, அதே ரத்தச் சிவப்பணுவில்தான் கண்டுபிடித்தார். 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாசல் செடிகளின் வேரிலும் இருக்கிறது.

தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? எந்தப் பக்கம் உப்போ சர்க்கரையோ அதிகமாகக் கரைந்திருக்கிறதோ அந்தப் பக்கம். பாடப் புத்தகத்தில் இதற்கு சவ்வூடு பரவல் என்று பெயர். மாவடு போடும் வீடுகளில் பெயர் தெரியாமலே இது தெரியும். கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே ஜாடியில் தண்ணீர் நிற்கும், வடு சுருங்கிவிடும். அந்தத் தண்ணீர் வடுவின் செல்களிலிருந்து வந்தது.

இதுவரை செடிக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் இல்லை. இனிமேல்தான் இருக்கிறது. செடியின் செல்லுக்குச் சவ்வுக்கு வெளியே நார்ப்பொருளால் ஆன கெட்டியான சுவர் உண்டு. மாட்டின் செல்லுக்கு அது கிடையாது. சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொண்டால் போதும். சவ்வு டியூப், செல் சுவர் டயர். செடியின் செல் டயருக்குள் இருக்கும் டியூப். எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தாலும் டயர் தாங்கிப் பிடிக்கும். நன்றாகத் தண்ணீர் குடித்த செடியின் செல்லுக்குள் 5 முதல் 10 வளிமண்டல அழுத்தம் இருக்கும். கார் டயரில் காற்று 2 வளிமண்டலத்துக்குச் சற்று மேல்தான். எலும்பில்லாத கீரைத்தண்டு விறைத்து நிற்பது இந்த அழுத்தத்தால்தான். மாட்டின் செல்லோ டயர் இல்லாத டியூப். பஞ்சர் கடையில் வெறும் டியூபுக்குக் காற்றடித்தால் ஒரு பக்கம் புடைத்து வெடிக்குமே, அதே கதை.

ஆகவே வெறும் தண்ணீர் செடியின் செல்லுக்குச் சுகம், மாட்டின் செல்லுக்கு ஆபத்து. மாட்டின் உடம்பு அந்த ஆபத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறது. ரத்தத்தில் உப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்கும்படி சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. மருத்துவர் ஏற்றும் 'குளுக்கோஸ் பாட்டில்' என்று ஊரில் சொல்வதில் பாதி உப்புத் தண்ணீர்தான். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ரத்தத்தின் செல்கள் புடைக்கவும் கூடாது, சுருங்கவும் கூடாது என்று கணக்குப் பார்த்த அளவு அது. வெறும் தண்ணீரை ரத்தக் குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும்.

கன்றுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான், வாய் வழியாக. இரண்டு நாள் தாகத்தில் அதன் ரத்தம் உட்பட உடம்பு நீரெல்லாம் உப்பு கூடிக் கெட்டிப்பட்டிருந்தது. செல்களும் அதற்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் சின்ன உடம்புக்குள் குடம் குடமாகத் தண்ணீர் போனதும், ரத்தம் சட்டென்று நீர்த்துப்போனது. வெளியே உப்பு குறைவு, செல்லுக்குள் அதிகம். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. டயர் இல்லாத டியூப்கள் வெடித்தன. சிவப்பணுக்குள் இருந்த சிவப்புச் சாயம் ரத்தத்தில் கரைந்து, சிறுநீரகம் வழியாகக் காபி நிறத்தில் வெளியேறியது. கால்நடை மருத்துவர்கள் இதை நீர் நச்சு என்பார்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் வரும். பால்குடி மறந்து முதன்முறை தொட்டித் தண்ணீரில் வாய் வைக்கும் கன்றுகளுக்கும், வெயிலில் கட்டிக்கிடந்து தாகத்தில் வரும் கன்றுகளுக்கும் இது வரும். பெரிய மாடுகளுக்கு அரிது.

இலேசாக வந்தால் ஓரிரு நாளில் சிறுநீர் தெளிந்துவிடும். மோசமாக வந்தால் மூளையின் செல்களும் வீங்கும். தள்ளாட்டம், வாயில் நுரை, வலிப்பு என்று போய்ச் சில மணி நேரத்தில் கன்று செத்துவிடலாம். அதனால் 'தானே சரியாகும்' என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவர் வரும்வரை கன்றைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து விலக்கி, நிழலில் வைக்க வேண்டும். உப்புக் கரைத்து வாயில் புகட்டுகிறேன் என்று இறங்கக் கூடாது. சோர்ந்து கிடக்கும் கன்றுக்கு அது நுரையீரலில் போய்விடும். செறிவான உப்புக் கரைசலை ரத்தத்தில் ஏற்றுவதும், வீக்கம் வடிய மருந்து போடுவதும் மருத்துவர் பார்த்துச் செய்கிற வேலை.

வராமல் தடுப்பது எளிது. கன்றுக்கு எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். தப்பித் தவறித் தாகத்தில் விட்டுவிட்டால், தொட்டியைத் திறந்துவிடாமல், ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டராக, அரை மணிக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பக்கத்தில் தாது உப்புக் கட்டி தொங்கினால் நல்லது. ஊருக்குப் போகும்போது பையனிடம் வைக்கோலைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு தண்ணீரைப் பற்றிச் சொல்லுங்கள்.

சிவப்புச் சிறுநீர் என்றாலே நீர் நச்சு என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால், அது முழு ரத்தம். சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ புண். தெளியாமல் முழுக்க ஒரே நிறமாக நின்றால், செல்கள் உடம்புக்குள்ளேயே உடைந்திருக்கின்றன. அதற்கும் பல காரணங்கள். உண்ணி கடித்து, காய்ச்சலோடு வந்தால் பபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே பெருகி அதை உடைத்துக்கொண்டிருக்கிறது. கன்று ஈன்ற சில வாரத்தில் எருமைக்கோ பசுவுக்கோ வந்தால் மணிச்சத்துக் குறைவாக இருக்கலாம். மணிச்சத்து குறைந்தால் சவ்வைப் பழுது பார்க்கச் செல்லுக்குச் சக்தி இருக்காது. எலிக்காய்ச்சல் கிருமியும் ஒரு காரணம். எந்த நாள், எவ்வளவு தண்ணீர், காய்ச்சல் உண்டா, உண்ணி உண்டா, ஈன்று எத்தனை நாள் என்ற விவரங்களோடு அந்தப் பாட்டிலையும் மருத்துவரிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

இப்போது கத்தரி. இங்கே தப்பு கையில். செடிக்கு ஒரு கைப்பிடி வீதம் தூரில் வைத்ததாக வாசகர் எழுதியிருக்கிறார். கணக்குப் பார்ப்போம். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 10,890 செடிகள். நட்ட 30-ம் நாள் மேலுரமாக ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து கொடுக்க வேண்டுமென்றால், யூரியா 44 கிலோ போதும். செடிக்கு 4 கிராம். அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். கைப்பிடி என்பது 40 கிராமுக்குக் குறையாது. பத்து மடங்கு!

அந்த 40 கிராமில் பாதி யூரியா, பாதி பொட்டாஷ் என்று வைத்துக்கொண்டால், தூரைச் சுற்றி ஒரு லிட்டர் ஈரத்தில் அது கரையும்போது, தண்ணீரைச் சுமார் 20 வளிமண்டல அழுத்தத்துக்கு நிகராகத் தன் பக்கம் இழுக்கும். காய்ந்த மண்ணில் செடி வாடி, இனி மீளாது என்று மண்ணியலில் வைத்திருக்கும் எல்லை 15. மண் சொதசொதவென்று இருந்தும் வேருக்கு அது பாலைவனம். வேரின் செல்லுக்குள் இருந்த தண்ணீர் வெளியே போகிறது. டயர் அப்படியே நிற்க, உள்ளே டியூப் சுருங்கிப் பிரிந்துவிடுகிறது. மாவடு ஜாடியில் நடந்தது தோட்டத்தில் நடந்திருக்கிறது. போதாததற்கு யூரியா மண்ணில் சிதையும்போது வெளிவரும் அம்மோனியாவும் இளம் வேர் நுனிகளைச் சுடும். கடையில் வாங்கிய உரத்துக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்க வேண்டாம். மக்காத கோழி எருவைத் தூரில் குவித்தாலும் இதே கதிதான்.

சவ்வு சுருங்கியதோடு நின்றிருந்தால், தண்ணீர் திரும்பியதும் செல் பழையபடி விறைத்துவிடும். கிழிந்துவிட்டால் திரும்பாது. ஆகவே முதல் நாளில் செய்யும் வேலைக்குத்தான் பலன். தூரில் கண்ணுக்குத் தெரியும் உரத்தை மண்ணோடு வழித்து வெளியே எறியுங்கள். பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டு, தேங்காமல் வடித்து, மறுபடியும் விடுங்கள். தருமபுரிச் செம்மண்ணில் உப்பு சீக்கிரம் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் இப்படிச் செய்தால் வேர் அழுகும். அங்கே வடிகால் வெட்டிய பிறகுதான் தண்ணீர். ஊக்கி, டானிக், இலைவழி உரம் எதையும் இப்போது தெளிக்க வேண்டாம். சுருங்கிக் கிடக்கும் செல்லுக்கு வெளியே இன்னும் உப்பைக் கொண்டு வைக்கும் வேலை அது. ஒரு வாரத்தில் குருத்து பச்சையாக எழுந்தால் பிழைத்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று வந்தால், அந்த வரிசையை அழித்துவிட்டுப் புது நாற்று நடுவதே லாபம்.

சவ்வு கிழிவது எப்படி இருக்கும் என்று சமையலறையிலேயே பார்க்கலாம். பீட்ரூட்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சாயம் போகும்வரை கழுவி, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் சிலவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் சிலவற்றையும் போடுங்கள். பச்சைத் தண்ணீர் கொஞ்ச நேரம் தெளிவாகவே நிற்கும். வெந்நீர் உடனே சிவந்துவிடும். பீட்ரூட்டில் சாயம் செல்லுக்குள் பூட்டி வைத்திருப்பது, பூட்டு சவ்வு. சூடு பூட்டை உடைத்துவிட்டது. ஆராய்ச்சி நிலையங்களில் வறட்சி தாங்கும் ரகத்தைத் தேடுபவர்கள்கூட இதே சோதனையைத்தான் வேறு விதமாகச் செய்கிறார்கள். இலைத் துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, எவ்வளவு உப்பு கசிந்தது என்று மின்கடத்தும் திறனை அளந்து பார்க்கிறார்கள். கசிவு குறைந்த ரகத்தின் சவ்வு உறுதியானது.

தண்ணீர் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பார்த்துத் தருவார்கள். ஆனால் உப்பின் அளவும் கார அமில நிலையும்தான் அங்கே தெரியும், விஷம் தெரியாது. உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது எப்படியும் நல்லதுதான். கிணறு பொது என்பதால் கட்டணத்தை அண்ணனும் பாதி போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: 'சினை ஊசி போட வந்தவர், உறைவிந்துக் குழலைத் தேநீருக்கு வைத்த வெந்நீரில் முக்கி எடுத்து, ஈரத்தோடு வெட்டி ஊசி போட்டார். மூன்று முறை போட்டும் பசு சினை பிடிக்கவில்லை. இதுவும் ஒரு காரணமா?'

- வாசகி, ஊத்தங்கரை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பசு சினை பிடிக்காததற்குப் பருவம் தவறியது, கருப்பைக் கோளாறு, சத்துக் குறைவு என்று ஏகப்பட்ட காரணங்கள் உண்டு. ஒருவர் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் நீங்கள் கவனித்த இரண்டும் சரியான இடங்கள். முந்தைய பதிலில் சொன்ன டயர் இல்லாத டியூப், இங்கேயும் அதேதான். விந்தணு ஓர் ஒற்றைச் செல்.

குழலில் இருக்கும் விந்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கிறது. வெறுமனே உறைய வைத்தால் பனிக்கட்டி ஊசிகள் சவ்வைக் குத்திக் கிழித்துவிடும். தண்ணீர் பனியாகப் பிரியும்போது மிச்சமிருக்கும் நீரில் உப்பு கெட்டிப்பட்டுச் செல்லைச் சுருக்கிவிடும். இதற்கு வழி கிடைத்தது 1949-ல். லண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜும் உடன் இருந்தவர்களும் சேவல் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் திடீரென்று பலன் கிடைத்தது. பாட்டிலைச் சோதித்தால் சர்க்கரையே இல்லை, கிளிசரின்! குளிர் அறையில் சீட்டு மாறி ஒட்டப்பட்டிருக்கிறது. கிளிசரின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், பனி உறைவதையும் உப்பு கெட்டிப்படுவதையும் மட்டுப்படுத்துகிறது. அதோடு முட்டையின் மஞ்சள் கருவையும் சேர்ப்பது வழக்கம். அதில் உள்ள கொழுப்பு, குளிரில் சவ்வு விரிசல் விடாமல் பூசிக் காக்கிறது. இன்றைய சினை ஊசித் திட்டங்கள் எல்லாம் அந்தச் சீட்டு மாறிய பாட்டிலின் புண்ணியம்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதைக் கொட்டிலில் கெடுக்காமல் இருக்க வேண்டும். குழலை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைக்க வேண்டும். கை பொறுக்கும் சூடுதான். தேநீர்ச் சூடு இல்லை. பீட்ரூட் டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, வெட்டுவதற்கு முன்பு குழலைச் சுத்தமான பஞ்சாலோ தாளாலோ ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெட்டு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கினாலும் அது பட்ட விந்தணுக்கள் தண்ணீரை இழுத்துப் புடைத்துவிடும், வால் சுருண்டு நீந்த முடியாமல் போகும். பரிசோதனைக் கூடத்தில் இதையே சோதனையாக வைத்திருக்கிறார்கள். நீர்த்த கரைசலில் போட்டால், சவ்வு நன்றாக இருக்கும் விந்தணுவின் வால் சுருளும். சவ்வு ஏற்கெனவே கிழிந்ததற்குச் சுருளாது. ஆனால் அது சோதனைக்கு எடுத்த துளி. மாட்டுக்குப் போகும் துளியில் அது நடக்கக் கூடாது.

அடுத்த முறை அவர் வரும்போது வெப்பமானியும் ஒரு சின்னத் துண்டுத் துணியும் நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள். 'கொஞ்சம் தொடச்சிட்டுப் போடுங்க சார்' என்று கேட்பதில் தப்பில்லை. பணமும் 21 நாளும் உங்களுடையது.

கேள்வி: 'உறைபனி விழுந்த மறுநாள் பீன்ஸும் உருளைக்கிழங்கும் வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துப் பாத்தி முட்டைக்கோஸ் அப்படியே நிற்கிறது. ஏன்?'

- வாசகர், உதகை வட்டம், நீலகிரி மாவட்டம்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். வெயில் ஊர்ப் பயிர்களின் சவ்வு தேங்காய் எண்ணெய் ரகம். குளிர் பட்டால் விறைத்து, கசியத் தொடங்கும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனாலே தோல் கறுப்பது இதனால்தான். ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டைக்கோஸ் போன்றவை குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது சவ்வின் கொழுப்பை நல்லெண்ணெய் ரகமாக மாற்றிக்கொள்கின்றன. செல்லுக்குள் சர்க்கரையையும் சேர்த்து வைக்கின்றன. பனிக்காலக் கோஸ் இனிப்பது நாக்கின் பிரமை அல்ல.

உறைபனியில் பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியேதான் உண்டாகும். அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. பாலக்கோட்டுக் கத்தரியில் பொட்டாஷ் செய்ததை இங்கே பனி செய்கிறது. காலையில் பனி உருகும்போது கிழிந்த சவ்விலிருந்து எல்லாம் ஒழுகி, இலை வேகவைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

பனிக்காலம் தொடங்கும் முன்பு யூரியாவை நிறுத்திவிடுங்கள். இளசாக வளர்ந்த குருத்து முதலில் சாகும். பனி எதிர்பார்க்கும் நாளில் மதியமே பாத்தியை நனைத்து வையுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் விடும். தெளிப்பு நீர் உள்ளவர்கள் பனி தொடங்கும் முன்பே ஓடவிட்டு, வெயில் ஏறி இலை மேல் இருக்கும் பனி முழுக்க உருகும்வரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூடுதான் இலையைக் காப்பாற்றுகிறது. நடுவில் மோட்டார் நின்றால், நனைந்த இலை காற்றில் இன்னும் குளிர்ந்து, தெளிக்காத பாத்தியைவிட மோசமாகும். கரன்ட் நம்ப முடியாத இடத்தில் தெளிப்பானைத் தொடவே வேண்டாம். சாயங்காலமே சாக்கோ காய்ந்த புல்லோ போட்டு மூடிவிட்டு, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.